வாயில் எட்டு ஆணி

என் அத்தானிடம் ஏதாவது காரியம் ஆகவேண்டுமென்றால் அவர் கூரை மேல் ஏறும்வரை பொறுத்திருக்க வேண்டும். தரையில் வைத்துக் கேட்டால் ஆகாது. தரையில் அவருக்கு வாய் உண்டு. எதற்கு, ஏன், இப்போதே வேண்டுமா, போன வருடம் வாங்கியது என்ன ஆயிற்று என்று வரிசையாகக் கேட்டு, கேட்டவனே வெறுத்துப்போய் எழுந்து போகும்படி செய்துவிடுவார். கூரை மேல் ஏறிவிட்டாலோ அந்த வாய் முழுக்க ஆணி.

அவர் ஷிங்கிள் கூரை போடுகிறவர். ஷிங்கிள் என்பது தாரும் கல்துகளும் ஒட்டிய தடித்த அட்டை. கீழ் ஓரத்தில் ஆரம்பித்து, வரிசை வரிசையாக, ஒன்றின் மேல்பாதியை அடுத்தது மூடும்படி அடித்துக்கொண்டே மேலே போகவேண்டும். ஒரு கை அட்டையைப் பிடிக்கிறது, ஒரு கை சுத்தியலைப் பிடிக்கிறது, ஆணி எங்கே இருப்பது? இடுப்பில் பை கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லாத ஆள் இல்லை. பைக்குள் கையை விட்டால் விரலில் குத்துகிறதாம். வாயில் குத்தாதா என்று கேட்டால், "நாக்குக்குப் பழகிடுச்சு" என்பார். ஒரு தடவைக்கு எட்டு ஆணி, உதட்டின் இரண்டு ஓரத்திலும் நாலு நாலாக. ஊரில் அவருக்கு ஆணிவாயர் என்றுதான் பெயர். ஒருமுறை பல் வலி என்று போனபோது பல் டாக்டர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க சாப்பிடுறீங்க?" என்று பயந்துபோய்க் கேட்டாராம்.

எட்டு ஆணியை வைத்துக்கொண்டு ஒரு மனிதனால் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: "ம்."

மறுப்பதற்கு வழியே கிடையாது. "ம்ஹூம்" என்று இழுத்தால் ஆணி நழுவும். தலையை ஆட்டினால் சரிவில் கால் நழுவும். இந்த ரகசியத்தை முதலில் கண்டுபிடித்தது என் அக்கா. கல்யாணமான புதிதில் ஏணியடியில் நின்றுகொண்டு, "ஏங்க, ஃபிரிட்ஜ் வாங்கலாமா?" என்று கேட்டாள். "ம்" என்றார். அடுத்த வாரம் ஃபிரிட்ஜ் வந்து இறங்கியது. அப்புறம் நாய் வந்தது. மாடிப்படிக்குக் கீழே அலமாரி வந்தது. நானும் ஒன்றும் உத்தமன் இல்லை, அவருடைய வண்டியை இரண்டு நாளுக்கு என்று கேட்டு வாங்கி மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கேட்டபோது அவர் ஒரு பள்ளிக்கூடத்தின் உச்சியில் இருந்தார்.

கீழே இறங்கி வந்து அவர் மாற்றிச் சொல்லலாம்தான். சொல்லமாட்டார். "மேல நின்னு சொன்னது சொன்னதுதான். கீழ வந்து பேச்ச மாத்துறவன் போடுற கூரை நிக்குமா?" என்பார். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அந்தக் கொள்கையால் எனக்கு ஒரு வண்டி ஓடுகிறது, அதனால் நான் கேட்பதில்லை.

நான் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். தாழ்ப்பாள், கீல், கம்பி வலை, பெயிண்ட், ஆணி. அவருக்கு வேண்டிய ஆணி முழுக்க என் கடையில்தான் வாங்குகிறார், என் ஆயுளில் பாதி அதில்தான் போயிற்று. மற்றவர்கள் ஆணி வாங்க வந்தால் ஐந்து நிமிடம். இவர் வந்தால் நான் மதியச் சாப்பாட்டை மறந்துவிடவேண்டும். பெட்டியைத் திறந்து கல்லாமேசை மேல் கொட்டுவார். ஒவ்வொன்றாக எடுத்துத் தலையைப் பார்ப்பார். தலை சட்டைப் பொத்தான் அகலம் இருக்கவேண்டும், சின்னத் தலை அட்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். நீளம் ஒன்றேகால் அங்குலம். ஷிங்கிளைத் தாண்டி, பலகையைத் துளைத்து, அந்தப் பக்கம் முனை கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும், அப்போதுதான் பிடிப்பு. உடம்பில் வளையம் வளையமாக வரி இருந்தால் இன்னும் நல்லது, காற்றுக்கு அசையாது. எல்லாவற்றையும் விட முக்கியம் பூச்சு. உருக்கின துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஆணி மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். மேலுக்கு லேசாகப் பூசினது பளபளவென்று மின்னும்.

"மின்னுறதெல்லாம் ரெண்டு மழைக்குத் தாங்காது மச்சான். இத எடுத்து உள்ள வை, வேற காட்டு."

"அத்தான், ஆணிதானே வாங்குறீங்க? பொண்ணா பாக்குறீங்க?"

"பொண்ணு பாக்கும்போது நான் இவ்ளோ பாக்கல" என்றார் ஒருமுறை. அக்கா கடைக்குள் நுழைந்ததை அவர் கவனிக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் என் வீட்டில்தான் சாப்பிட்டார்.

கடைசியில் ஒரே ஒரு ஆணியை வாயில் போட்டுச் சப்பிப் பார்ப்பார். பிறகு அதைப் பெட்டியிலேயே திரும்பப் போடுவார். அந்தப் பெட்டியை நான் வேறு யாருக்கும் விற்பதில்லை, மனசாட்சி இடம் கொடுக்கவில்லை.

இவ்வளவு கிறுக்கும் வேலைக்கு நல்லது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருபத்தாறு வருடத்தில் அவர் போட்ட கூரை எதுவும் ஒழுகியதில்லை. ஒவ்வொரு ஷிங்கிளிலும் குறுக்கே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டின் மேல் ஆணி இறங்கினால் அடுத்த வரிசை வந்து அதை மூடிவிடும். கோட்டுக்குக் கீழே இறங்கினால் ஆணி வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மழைத் தண்ணீருக்கு அது போதும், அந்த ஓட்டை வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். அடுத்தவர்கள் போட்ட கூரையில் இப்படி ஓர் ஆணியைப் பார்த்துவிட்டால் தெருவில் நின்றபடியே தலையில் அடித்துக்கொள்வார். தன் வேலையில் அப்படி ஒன்று வந்துவிடக்கூடாது என்று தினம் சாயங்காலம் இறங்குவதற்கு முன், அன்றைக்கு அடித்த வரிசைகளை எல்லாம் குனிந்து தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஏணியில் கால் வைப்பார். அடிப்பதும் கணக்காக இருக்கும். ஓர் ஆணிக்கு இரண்டே அடி, டக், டக். கீழே இருப்பவர்கள் காதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எவ்வளவு முடித்திருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இந்த வருடம் தன் சொந்த வீட்டுக்குக் கூரை மாற்றினார். அங்கேதான் வினை வந்தது.

அவருக்கு ஒரே மகள். எனக்கு மருமகள் முறை, பாலம் கட்டுவதற்கு நிலம் அளக்கிற படிப்பு படித்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அப்பாவுக்கு ஏணி பிடிப்பவள் அவள்தான், வேறு யார் பிடித்தாலும் ஏணி ஆடுகிறது என்பார். அன்றைக்கு நானும் அக்காவும் முற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவள் கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். ஒரு முழு நாள் ரயிலில் போகவேண்டிய ஊரில் வேலை கிடைத்திருந்தது. அக்கா காகிதத்தைப் படித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்தாள், பிறகு ஏணியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். "இப்பவே கேட்டுடு. எறங்கி வந்தா கேள்வி கேட்டே ரயிலை அனுப்பிடுவாரு."

அவள் ஏணியின் உச்சிக்கு ஏறி, தலையை நீட்டிக் கேட்டாள். "அப்பா, எனக்கு வேலை கெடச்சிருக்கு. ரொம்பத் தூரம். போகட்டுமா?"

டக் என்று ஓர் அடி கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் டீயை வாயருகே கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தேன். அப்புறம் டக், டக் என்று இரண்டு அடி.

"ம்."

அக்கா துள்ளிக் குதித்தாள். நானும் கையைத் தட்டினேன். ஓர் ஆணிக்கு மூன்று அடி விழுந்தது என் மண்டையில் உறைக்கவேயில்லை. அன்று சாயங்காலம் தலை வலிக்கிறது என்று அவர் வரிசையைத் தடவிப் பார்க்காமலே இறங்கிவிட்டார். அதுவும் யாருக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் மிச்ச வேலையை முடித்தார். மூன்று வாரம் போயிற்று. அத்தான் அந்த ஊர்ப் பேச்சையே எடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நல்லது என்றும் சொல்லவில்லை. மகளின் பயணத்துக்குப் பெட்டி வாங்கும்போது கூடப் போனார், பெட்டியின் ஆணிகளை மட்டும் பார்த்தார். மருமகள் ஒருநாள் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"மாமா, அப்பா நெஜமாவே சரின்னாரா, இல்ல வாயில ஆணி இருந்ததால சரின்னாரா?"

"அவரு சொன்னா சொன்னதுதான்மா."

"அது தெரியும். பிடிக்கலேன்னாலும் மாத்த மாட்டாரு. அதான் பயமா இருக்கு. ஃபிரிட்ஜ் வாங்குற மாதிரி என்னை அனுப்பிடக் கூடாதில்ல?"

நான் வாசலில் நின்ற அவருடைய வண்டியைப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து சொல்லாமல் ரயில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ரயிலுக்கு நாலு நாள்தான் இருந்தது.

மறுநாள் காலையில் நல்ல மழை. பத்து மணிக்கு அவள் அறையில், கட்டில் மேல் திறந்து வைத்திருந்த பெட்டிக்குள், புதுச் செருப்பின் இடது காலில் சொட்டு விழுந்தது.

ஆணிவாயர் வீடு ஒழுகுகிறது!

அக்கா எனக்குப் போன் செய்தபோது அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரித்துச் சொல்லமுடியவில்லை. நான் போனபோது அத்தான் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றிருந்தார். முதலில் அது ஒழுகலே இல்லை என்றார். ஈரக் காற்று குளிர்ந்து சொட்டுகிறது என்றார். பிறகு குழாய் என்றார், அந்தப் பக்கம் குழாயே கிடையாது. பிறகு நாயைச் சந்தேகமாகப் பார்த்தார். நாய் எழுந்து வெளியே போய்விட்டது. எல்லாம் தீர்ந்தபிறகு என் பக்கம் திரும்பினார்.

"உன் கடை ஆணி மச்சான். தலை சுருங்கிடுச்சு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாதி ஆயுளைக் கொட்டிக் காட்டிய ஆணி. "ஆணித் தலை என்ன பனியனா, துவைச்சதும் சுருங்குறதுக்கு? நீங்க சப்பிப் பாத்து வாங்கின ஆணி அத்தான் அது!"

"அப்ப துரு."

"மூணு வாரத்துலயா? ஏறிக் காட்டுங்க. ஒரு பொட்டு துரு இருந்தா கடைய இழுத்து மூடிடறேன்."

வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டேனே தவிர, உயரம் என்றால் எனக்கு ஆகாது. கடையில் மேல்தட்டுப் பெயிண்டை எடுக்கவே ஆள் கூப்பிடுகிறவன் நான். ஆனால் மானப் பிரச்சினை. மதியம் வெயில் வந்து கூரை காய்ந்ததும் அத்தான் ஏறினார், பின்னால் நான் ஏறினேன். மருமகள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். உச்சிக்குப் போனதும் நான் குப்புறப் படுத்து, கூரையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். தெருவில் போனவர் யாரோ, "இரும்புக்கடைக்காரருக்கு என்ன ஆச்சு?" என்று விசாரித்தார். நான் பதில் சொல்லும் நிலையில் இல்லை.

ஏணிக்கு நேர் மேலே, ஒன்பதாவது வரிசையில், நாங்கள் அதைக் கண்டுபிடித்தோம். கோட்டிலிருந்து நாலு விரல் கீழே, வெட்டவெளியில், சாய்ந்துகொண்டு நின்றது ஓர் ஆணி. துரு ஒரு பொட்டுக்கூட இல்லை. தலை வட்டமாக, பொத்தான் அகலத்துக்கு, வாங்கின அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன். "பாத்தீங்களா!" என்று கத்த வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஏணியின் உச்சி என் கண்ணில் பட்டது. மருமகள் அன்றைக்குத் தலையை நீட்டிய இடம் அதுதான். அந்த மூன்று அடி இப்போதுதான் என் மண்டையில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. அந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஆணிகளை எடுத்து ஒவ்வொன்றாக உதட்டில் செருகிக்கொண்டார். நாலு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம். பிடுங்கவேண்டியது ஒன்று, அதற்குப் பதில் அடிக்கவேண்டியதும் ஒன்று. வாயில் எட்டு.

இந்த மனிதரை நான் எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு அவ்வளவு பாசம் வந்தது. கட்டிப்பிடித்திருப்பேன், கூரையை விட்டால் விழுந்துவிடுவேன் என்பதால் செய்யவில்லை.

பொதுவாக இப்படிப்பட்ட ஆணியைச் சிலர் அதே ஓட்டையில் ஓங்கி அடித்து, மேலே ஒரு உருண்டைப் பசையை அப்பிவிட்டுப் போவார்கள். ஆறு மாதத்தில் திரும்ப எழும்பிவிடும். அத்தான் அப்படிச் செய்யமாட்டார். அட்டை கிழியாமல் மெதுவாக ஓரத்தைத் தூக்கினார். தட்டையான நெம்பியைக் கொடுத்து ஆணியைப் பிடுங்கினார். அடியில் ஒரு துண்டுத் தகடு செருகி, ஓட்டையில் தார்ப் பசையை நிரப்பி, அதன் மேல் கல்துகளைத் தூவி விரலால் அழுத்தினார். அந்த இடமே தெரியவில்லை. இனிக் கோட்டின் மேல் சரியான இடத்தில் ஓர் ஆணி அடிக்கவேண்டும். சுத்தியலை எடுத்தார். ஓங்கவில்லை.

மருமகளின் தலை ஏணி உச்சியில் தெரிந்தது. ஏணியை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

"அப்பா, அன்னிக்கு நான் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"ம்."

"போகட்டுமா?"

இந்தத் தடவை அத்தானிடமிருந்து "ம்" கூட இல்லை.

"ஆணியைத் துப்புங்கப்பா."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு கையை, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, கூரையிலிருந்து எடுத்து நீட்டினேன். என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாகத் துப்பினார். எட்டும் ஈரம். சுத்தியலைக் கையில் எடுத்த பிறகு வாயில் ஆணி இல்லாமல் அவரைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வாய் கொஞ்ச நேரம் சும்மா அசைந்தது.

"அங்க நீ தங்குற வீட்டுக்கு என்ன கூரை?" என்றார்.

"ஷிங்கிள்தான்பா."

"யாரு போட்டது?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"ஆணி வெளிய தெரியுதா?"

"நான் இன்னும் பாக்கவே இல்லையே."

"பாக்காமலே போறியா? ஒழுகினா யாரு ஏறுவா? அந்த ஊர்க்காரன் மின்னுற ஆணியைத்தான் அடிச்சிருப்பான். நீ கட்டிலத் தள்ளிப் போட்டுட்டுப் படுத்துக்குவே, ஒழுகுதுன்னு எங்கிட்ட சொல்லக்கூட மாட்டே. உங்கம்மா மாதிரி." மூச்சு வாங்கியது அவருக்கு. "நீ போறது எனக்குப் பிடிக்கல. துளிகூடப் பிடிக்கல. வீட்ல நீ இல்லேன்னா நான் யாரை ஏணி பிடிக்கச் சொல்றது?"

மருமகளின் முகம் சுருங்கியது. அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார், விரலில் இருந்த தார் கன்னம் முழுக்க ஆனது.

"ஆனா போ. போயிட்டு வா. படிச்சது எதுக்கு? வாயில ஒண்ணும் இல்லாமத்தான் சொல்றேன், மாமா சாட்சி. போயிட்டு வா."

அவள் ஏணியில் நின்றபடியே அழுதாள். எனக்கும் மூக்கு ஒழுகியது, துடைக்கக் கை இல்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே இருந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் வந்தது.

"ஏங்க! முன் அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடிக்கலாமா?"

"முடியாது!" என்றார் அத்தான்.

இருபத்தாறு வருடத்தில் கூரையிலிருந்து அப்படி ஒரு பதில் வந்ததில்லை. அத்தான் என் கையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, பழக்கத்தில் வாயில் வைத்துக்கொண்டு, அட்டையைச் சரிசெய்தார். அக்கா எங்கிருந்துதான் கண்டாளோ, உடனே மறுபடி கேட்டாள்.

"ம்" என்றார். முன் அறை இப்போது மஞ்சள்தான்.

மருமகள் ரயில் ஏறினாள். செருப்பு காய்ந்திருந்தது. பெட்டியில் துணிக்கு அடியில் ஒரு குழாய் தார்ப் பசையும் கால் கிலோ ஆணியும் இருந்ததை அவள் அங்கே போய்த்தான் பார்த்தாளாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். வீட்டில் அக்கா போனைக் கையை விட்டு விடமாட்டாள் என்று அத்தான் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார். பேசுவார் என்று சொன்னேனே, முதல் ஞாயிறு அவர் பேசவில்லை. அவள் அங்கிருந்து ஏதேதோ சொல்ல, இவர் போனைக் காதில் அழுத்திக்கொண்டு "ம்" என்றார். "ம்" என்றார். மறுபடியும் "ம்" என்றார். கடைசியில் அவள் குரல் எனக்கே கேட்டது.

"அப்பா, வாயில ஆணி இருக்கா?"

"ம்."

"துப்பிட்டுப் பேசுங்க."

அவர் வாயில் ஒன்றும் இல்லை. நான் பக்கத்தில்தானே நிற்கிறேன், கடையில் ஆணிப்பெட்டி ஒன்றும் திறந்திருக்கவும் இல்லை. அத்தான் இடது கையை நீட்டி, வாயருகே கொண்டுபோய், அந்த வெறுங்கையில் ஒவ்வொன்றாகத் துப்பினார். எட்டு முறை. கையை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நேத்து அங்க மழையாமே, ஒழுகுச்சா?" என்று ஆரம்பித்தார்.

நாற்பது நிமிடம் பேசினார். கீல் வாங்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.